சம்பந்திக்கு முன்னால் கழற்றிய சேட்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வாயைத் திறக்காவிட்டால் மானம் போகாது என்று ஐம்பத்தெட்டு வயது வரை நம்பியிருந்தேன். பல்கேரியாவில் அந்த நம்பிக்கை கழன்றது. போட்டிருந்த சேட்டும் கூடவே கழன்றது.

மகள் தர்சினி விரும்பியது இவோ என்ற பல்கேரியப் பொடியனை. இரண்டு பேருக்கும் லண்டனில் வேலை. கலியாணம் விம்பிள்டனில், கோயிலில். இவோவின் தகப்பன் ஸ்டோயன் மட்டும் வருவதாகச் சொல்லவில்லை. வேறு சமயத்துக் கோயிலுக்குள் நிற்க அவருக்கு மனமில்லை.

"அவர் வராட்டி நான் மணவறையில அழுவன், அப்பா," என்றாள் மகள்.

அதனால் அவரை நேரில் அழைக்க, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்து பல்கேரியாவுக்குப் புறப்பட்டோம். நான், மனைவி, மகள், இவோ.

ஸ்டோயன் தன் காரில் ஊர் காட்டினார். அவரும் பேசாத ஆள். முன் சீட்டில் இருவரும் மூன்று மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. (எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.) ரோமர் கட்டிய பழைய கல் அரங்கைக் காட்டினார். "ஆரப்பா இவ்வளவு படியையும் கூட்டுறது?" என்றாள் மனைவி. மத்தியானம் வெள்ளரிக்காய் போட்ட குளிர்ந்த தயிர் சூப் வந்தது. (எங்கள் பச்சடிதான். தண்ணீர் கூடிப்போயிற்று.)

மூன்றாம் நாள் மலைக்குள் ஒரு பழைய மடாலயம். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வளைவுகள். சுவர் முழுக்கச் சாமிப் படங்கள்.

"அப்பா, இது அவையின்ர பெரிய கோயில். எங்கட கோயிலுக்குப் போற மாதிரி மரியாதையா வாங்கோ," என்றாள் மகள்.

மரியாதை எனக்குத் தெரியாதா? யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையை உருட்டிச் சப்பாத்துக்குள் வைத்தேன். பிறகு ஜாக்கெட். பிறகு சேட். கடைசியாகப் பெனியன். எல்லாவற்றையும் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் கை கூப்பியபடி உள்ளே போனேன்.

மெழுகுதிரி பிடித்திருந்த ஒரு கிழவி சிலுவைக் குறி போட்டாள். எனக்காகத்தான்.

"என்னப்பா செய்யிறியள்? இஞ்ச ஒருத்தரும் கழட்டேல்ல!" மனைவி பின்னால் பல்லைக் கடித்தாள்.

மகள் தூணுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டாள். தாடிச் சாமியார் ஒருவர் ஓடி வந்து என்னைப் போர்த்தினார். கையில்லாத சட்டையோடு வரும் பெண்களுக்குக் கொடுக்கிற சால்வை. ரோசாப்பூப் போட்டது. அதோடுதான் கும்பிட்டேன். கும்பிட வந்தால் கும்பிட வேண்டும்.

ஸ்டோயன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கலியாணம் போச்சு என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டார். இவோ, மகளிடம் பழகிய தமிழில் மொழிபெயர்த்தான்.

"ஏன் கழட்டினீங்கள் எண்டு கேக்கிறார்."

"எங்கட ஊரில சாமிக்கு முன்னால ஆம்பிளையள் மேல்சட்டை போடுறேல்ல. அங்க நான் பெரியாள் எண்டு காட்ட ஒண்டும் இருக்கப்படாது," என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அது.

ஸ்டோயன் கிளாசைக் கீழே வைத்தார்.

"லண்டனுக்கு வந்தா தானும் கழட்டோணுமோ எண்டு கேக்கிறார்."

"ஓம்."

"தனக்கு வண்டி இருக்காம்." ஸ்டோயன் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

"எனக்கும் இருக்கெண்டு சொல்லும். பாத்தவர்தானே."

அப்போதுதான் அந்த மனிசன் சிரித்தார். மேசை ஆடியது. மகள் அழுதாள், மணவறைக்கு முன்பே.

கலியாணத்துக்கு ஸ்டோயன் வந்தார். வேட்டி கட்டி, வெறும் மேலோடு, நெஞ்சு நிமிர்த்தி என் பக்கத்தில் நின்றார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கோட்டு சூட்டில் நின்றார்கள். (அவர்களுக்குக் குளிராம்.) அந்தப் படம் எங்கள் ஹோலில் தொங்குகிறது. இரண்டு வண்டிகளும் நன்றாகத் தெரியும். வருகிற எல்லோருக்கும் காட்டுவேன்.

வீட்டில் நான் ஜாக்கெட்டில் கை வைத்தால் போதும். "பொறுங்கோ, ஆக்கள் நிக்கினம்," என்பாள் மனைவி.

ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸ் பரிசாக, ஸ்டோயன் எனக்கு ஒரு சேட் அனுப்புகிறார். வேறொன்றும் எழுத மாட்டார். நல்ல சேட்டுகள். வேலைக்குப் போடுவதில்லை. கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுவேன், வாசலில் கழற்ற.