சிட்னி டைமைக் கழிச்ச மாப்பிள்ளை

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஏர்போர்ட்டுக்குப் போய் மச்சானைக் கூட்டிட்டு வரணும்.

மச்சான் பிரவீன், என் மனைவியோட தம்பி. சிட்னில வேலை. அஞ்சு வருஷம் கழிச்சு வர்றான். டிக்கெட்டை முன்னாடியே அனுப்பிட்டான். சென்னை வந்து சேர்ற நேரம் மதியம் ரெண்டரை.

இங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. சிட்னி நமக்கு நாலரை மணி நேரம் முன்னாடி. ரெண்டரைல நாலரையைக் கழிச்சா காலைல பத்து. "அவன் அந்த ஊர் டைமை அனுப்பியிருக்கான். பத்து மணிக்கே இறங்கிடுவான்"னு வீட்ல அறிவிச்சேன்.

"நிச்சயமாவா?"ன்னு மனைவி கேட்டா.

நான் பி.எஸ்சி. மேத்ஸ்னு ஞாபகப்படுத்தினேன்.

மாமியாரையும் கூட்டிக்கிட்டு தாம்பரத்துலேருந்து ஒன்பதே காலுக்குக் கிளம்பினேன். பத்து ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. யார் யாரோ டிராலி தள்ளிக்கிட்டு வந்தாங்க. பிரவீன் மட்டும் வரல. போன் ஸ்விட்ச் ஆஃப்.

போர்டுல சிட்னிங்கற பேரே இல்ல. வாசல்ல நின்ன செக்யூரிட்டிகிட்ட கேட்டேன். "சிட்னிலேருந்து இங்க நேரா ஃபிளைட்டே கிடையாது சார்"னார்.

பின்னாடி நின்ன மாமியார் காதுல "ஃபிளைட்டே கிடையாது" மட்டும் விழுந்துடுச்சு.

அவ்ளோதான். போனை எடுத்தாங்க. "ஒம்பதாயிரம் கிலோமீட்டராம், முக்காவாசி கடலாம். எம்புள்ள வந்த ஃபிளைட்டைக் காணோமாம்."

பன்னெண்டரைக்குப் பள்ளிக்கரணைலேருந்து மனைவியோட சித்தப்பா குடும்பம் வந்துடுச்சு. பெரியப்பா பையன் நாவலூர் ஆபீஸ்ல மீட்டிங்கை அப்படியே விட்டுட்டு, கழுத்துல ஐடி கார்டோட ஓடி வந்தான். என்னைத் தவிர மொத்தம் பதினோரு பேர். சித்தி வந்த வேகத்துல மாமியாரைக் கட்டிப் பிடிச்சு அழ ஆரம்பிச்சாங்க. அதைப் பாத்து நானும் கர்சீப்பை எடுத்துட்டேன்.

பக்கத்துல பேர் எழுதின அட்டையோட நின்ன டாக்ஸி டிரைவர், "இன்னா சார் பேஜாரு?"ன்னு கேட்டார். டிக்கெட்டைக் காட்டினேன்.

நிதானமா படிச்சார். "சிங்கப்பூர்ல மாறி வர்றாரு சார். ரெண்டரைக்கு எறங்குவாரு. எறங்குற ஊரு டைம்தான் சார் டிக்கெட்ல போட்டுக்கீது. நீ இன்னாத்துக்கு கழிச்ச?"

பதினோரு பேரும் அழுகையை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. நான் போர்டைப் பாத்தேன்.

மூணே காலுக்குப் பிரவீன் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தான். கண்ணு வீங்கி நிக்கிற கூட்டத்தைப் பாத்ததும் சிரிப்பு போச்சு. "யாருக்கு என்ன ஆச்சு?"

"உனக்குத்தாண்டா"ன்னாங்க சித்தி.

திரும்பி வரும்போது கார்ல மாமியார் மெதுவா ஆரம்பிச்சாங்க. "மாப்ளே, பதட்டத்துல ஒண்ணு வேண்டிக்கிட்டேன். புள்ள நல்லபடியா வந்து சேந்தா திருநீர்மலைல மொட்டை போடறதா."

"போட்டுடலாம் அத்தை. பிரவீனுக்கு முடி வேற நிறைய இருக்கு."

"அவனுக்கு அடுத்த வாரம் பொண்ணு பாக்கப் போறோமே. அதனால உங்க பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டேன்."

இதைத் தொப்பி போட்டுக்கிட்டுதான் டைப் பண்றேன்.