ஒன்றை ஒன்று தொடுவதில்லையாம்

புந்தோங், ஈப்போ.
ஆகஸ்ட் 1981

மரியாதைக்குரிய மச்சான் சின்னையா அவர்களுக்கு, பிச்சைமுத்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை வீரம்மாவும் முருகன் புண்ணியத்தில் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். கோப்பெங்கில் தாங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். உடம்பைத் தவிர மற்றது எதுவும் இங்கே சரியில்லை. படித்து முடித்ததும் இவனைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா என்று தாங்கள் யோசிக்கக்கூடும். அதற்கு முன் ஒருதரம் நேரில் வந்து பார்த்துவிடுங்கள்.

முன் அறையில் ஞானசேகரம் என்ற அறிவியல் வாத்தியாரைக் குடிவைத்தோம். யாழ்ப்பாணத்து வழி, நல்ல பிள்ளை. மறுநாள் பாடத்தை முதல்நாளே மலாயில் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்க்கிற ஒரு பழக்கம்தான். வீரம்மா சோறு போட்டுக்கொண்டே அது என்ன என்று கேட்டுவிட்டாள். எல்லாப் பொருளும் அணுவாம். அணுவுக்கு நடுவில் கருவாம். அதற்குள் புரோட்டானும் நியூட்ரானும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்குமாம். எலக்ட்ரான் மட்டும் எட்டத்தில் திரியுமாம். கருவை ஓர் எலுமிச்சம்பழம் என்று எண்ணி ஈப்போ ரயில் நிலையத்தில் வைத்தால், எலக்ட்ரான் நம் புந்தோங் பக்கம் சுற்றிக்கொண்டிருக்குமாம். நடுவில் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அன்று நாற்காலியைவிட்டு எழுந்தவன்தான் மச்சான், இன்னும் தைரியமாக உட்காரவில்லை. பஸ்ஸில்கூட நின்றுகொண்டுதான் போகிறேன். நாற்காலியும் காலி, நானும் காலி என்றால் எது எதைத் தாங்குகிறது? இதைக் கேட்டதற்கு, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும், அதனால் விழமாட்டீர்கள் என்று சமாதானம் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"உண்மையில ஒண்டும் ஒண்டைத் தொடுறேல்லை அண்ணை."

வீரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எம் புள்ள கையப் புடிச்சிக்கிட்டே இருந்தேனே சார், அது தொட்டதே இல்லியா?"

எங்கள் மகள் மாரியம்மா காய்ச்சலில் போனது தங்களுக்குத் தெரியாததல்ல. கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் பால் மரத்தடியில் தாங்கள்தானே குழி வெட்டினீர்கள். இத்தனை வருஷத்தில் இவள் அந்தப் பெயரை எடுத்ததே இல்லை. வாத்தியார் பாவம், சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு ஆறுதல் என்று நினைத்து, அணு அழிவதில்லை அக்கா, மண்ணுக்குப் போனது வேருக்குப் போகும், வேருக்குப் போனது மரத்துக்குப் போகும் என்று சொல்லித் தொலைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீரம்மா அந்தத் தோட்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். நானும் வாத்தியாரும் பின்னாலேயே ஓடினோம். லயத்து வீடுகளில் ஆள் இல்லை. பாதி மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருக்கிறார்கள். என்ன வேலையாக வந்தீர்கள் என்று காவல்காரர் சீனி கேட்டார். நான் பதறிப்போய், அணு பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டேன். "இங்க அதெல்லாம் கெடையாது லா, பாலு மட்டுந்தான்" என்று கேட்டைத் திறந்துவிட்டார். வாத்தியார் காலில் அட்டை ஏறி, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே வந்தார். நல்ல வெயில். ஆனால் அந்த மரத்தடியில் மட்டும் ஒரு குருவிச் சத்தம் இல்லை. வீரம்மா பட்டையில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "தள்ளுதுங்க."

வாத்தியாரும் கையை வைத்துப் பார்த்தார். சூடுபட்டவர் போல எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். நான் மரத்துக்குக் கிட்டவே போகவில்லை. இவள் ஒவ்வொரு ஞாயிறும் போகிறாள், திரும்பி வந்தால் சிரித்த முகமாக இருக்கிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மரத்தையும் சீக்கிரம் சாய்க்கப் போகிறார்களாம். வரும் சனிக்கிழமை தாங்கள் கட்டாயம் வந்து, மரம் மரந்தான் தாயி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். நோய்நொடி அண்டாமல் எல்லாரும் நிறைவாக வாழவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
பிச்சைமுத்து

பி.கு.: வரவேண்டாம் மச்சான். தபாலில் போடுமுன் நானே ஒருதரம் பார்த்துவிடலாம் என்று தனியாகத் தோட்டத்துக்கு வந்தேன். இதைச் சீனியிடம் கொடுத்துப் போடச் சொல்கிறேன். பட்டையில் கை வைத்தேன்; உள்ளேயிருந்து சின்னச் சின்னதாக ஐந்து விரல் தெரிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், இடது கையால் எழுதுகிறேன். வலது கையை எடுக்க மனம் வரவில்லை.