சுறா மார்க் படகும் ஒரிஜினல்காரரும்

அறுபதுகளில் நெய்வேலியில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றி எதை வேண்டுமானாலும் விற்கலாம். ஒரிஜினல்காரர் ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து விற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் சுரங்கத்தில் பம்ப் ஹெல்பர். கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரர். இன்னும் பெர்மனென்ட் ஆகாதவர். எதைக் கண்டாலும் முதலில் விரல் முட்டியால் தட்டுவார், பிறகு முகர்ந்து பார்ப்பார், அப்புறம் "இது ஒரிஜினலா?" என்பார். கேன்டீன் வடையைத் தட்டினார். புதிதாக வந்த மேலதிகாரியின் மேஜையைத் தட்டினார். எங்கள் பிளாக்கில் ஒரு கல்யாணம். அன்பளிப்பாக வந்த எவர்சில்வர் குடத்தைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பேருதாங்க பழைய கம்பெனி. கொடம் வேற எவனோ அடிச்சது" என்று பந்தியிலேயே அறிவித்தார். குடம் கொடுத்த தாய்மாமன் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் குடியிருந்த பிளாக்கில்தான் நான் ஒரு படகு வாங்கினேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஆபீஸ் கிளார்க். எங்கள் பிளாக் மன்றத்துக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெருமாள் ஏரியில் மீன் பிடிப்பது, மன்றப் பணத்தில் நான் படகு வாங்குவது என்று தீர்மானம் போட்டோம். எனக்கு நீச்சல் தெரியாது. செயலாளருக்கு அது தேவை என்று யாரும் சொல்லவும் இல்லை.

கடலூரில் 'சுறா மார்க்' என்றொரு படகுப் பட்டறை இருந்தது. அதை நடத்திய பெரியவர் காலத்தில், சுறா மார்க் படகு வைத்திருப்பவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கமாட்டார்களாம். அவர் போனபின் பட்டறை பூட்டிக் கிடந்தது. பல வருஷம் கழித்து மருமகன் அதே பெயரில், படகு முகப்பில் அதே சுறாவை வரைந்து மறுபடி தொழில் தொடங்கியிருந்தான். நான் போன அன்று வஞ்சிர மீன் வறுவலோடு சாப்பாடு போட்டான். சாப்பிட்டுக்கொண்டே படகைப் பரிசோதித்தேன். பிரமாதமாக இருந்தது.

படகு லாரியில் வந்து என் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு டிரம்கள் மேல் அமர்ந்தது. தேங்காய் உடைத்து மாலை போட்டோம். ஒரிஜினல்காரர் வந்தார், தட்டினார், முகர்ந்தார், படகுக்கு அடியில் நுழைந்தார். கால் மணி நேரம் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

வெளியே வந்து சொன்னார்: "சார், பெரியவரு போடற சொறா தண்ணியப் பாக்கும். இது நம்மளப் பாத்துகினு கீது."

"சொறா எங்க பாத்தா உமக்கென்னவே?"

"பேரு வந்துடுச்சி சார். கை வரல."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். படகைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அந்தச் சிரிப்புதான் என் வயிற்றெரிச்சலுக்கு விதை.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால், தெருக்குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துப் படகுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்னவே பண்ணுதீரு?"

"பலகை ஊறணும் சார். வெயில்ல காஞ்சா சந்து வுட்டுடும். ஊறி உப்பிச்சின்னா தானா அடைச்சிக்கும்."

"டூப்ளிகேட்னு சொன்ன படகுக்கு எதுக்குவே இந்தப் பாடு?"

"பேரு யாருதா இருந்தா என்னா சார்? ஏறப் போறது நீங்களாச்சே."

நான் நம்பவில்லை. நெய்வேலிக்காரர்களுக்கு நின்ற தண்ணீரைக் கண்டால் கை பரபரக்கும். ராப்பகலாக ஊற்றுநீரை இறைத்தால்தான் அங்கே சுரங்கம், இல்லாவிட்டால் குளம். அவர் தலை மறைந்ததும் ஒரு சொட்டு விடாமல் இறைத்துக் கொட்டிவிட்டுத் துணியால் துடைத்தேன்.

அடுத்த நாள் வந்து எட்டிப் பார்த்தவர் திகைத்தார். "தண்ணி எங்க சார்?"

"ஆவியாப் போயிருக்கும்வே."

மறுபடி ஊற்றினார். மறுபடி ஆவியாக்கினேன். இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள், 'பொறாமையால் தண்ணீர் ஊற்றி மன்றத்துச் சொத்தைப் பாழாக்குகிறார்' என்று நிர்வாகத்துக்குப் புகார் எழுதினேன். அந்த மாதம் பெர்மனென்ட் ஆகவேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தெரிந்தேதான் எழுதினேன். அவருக்கு மெமோ வந்தது. அதன்பிறகு அவர் வாளியோடு வரவில்லை. படகு மூன்று வாரம் சித்திரை வெயிலில் காய்ந்தது.

ஏரியில் இறக்கிய அன்று நாலு பேர் ஏறினோம். இருபது கஜம் போவதற்குள் எல்லாச் சந்திலும் தண்ணீர் பீறிட்டது. படகு மரியாதையாக, அவசரமில்லாமல் முழுகியது. "ஐயோ, பிள்ளைகுட்டிக்காரன், காப்பாத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன.

கரையில் சைக்கிளோடு ஒரிஜினல்காரர் நின்றிருந்தார். மனசு கேட்காமல் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியபடி கூப்பிட்டார்: "சார், எய்ந்து நில்லுங்க. இடுப்பளவுதான்."

எழுந்து நின்றேன். இடுப்பளவுதான்.

விசாரணை வந்தது. "டூப்ளிகேட் படகு சார், பேரை நம்பி ஏமாந்துட்டேன்" என்று பட்டறை மேல் பழியைப் போட்டேன். அதிகாரி ஒரிஜினல்காரரைப் பார்த்தார். "நீரும் அப்படித்தானே ஊர் முழுக்கச் சொன்னீர்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெமோ கிழிந்திருக்கும்.

"தப்பா சொல்லிட்டேங்க. பட்டறைப் புள்ளைக்குக் கை கொஞ்சம் மட்டுதான், இன்னும் நாலு படகு கட்டினா வந்துடும். பெரியவரு கட்டின படகா இருந்தாலும் காஞ்சா ஒழுவத்தாங்க செய்யும். பட்டறை பேரைக் கெடுத்துடாதீங்க."

"நீர் தண்ணீர் ஊற்றினதாகத்தானே புகார்? அப்புறம் எப்படிக் காய்ந்தது? இறைத்தது யார்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "நான் பாக்கலீங்க."

நான் சொல்லியிருக்க வேண்டும். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெமோ ரத்தாகவில்லை. அவர் கூட்டாளிகளெல்லாம் பெர்மனென்ட் ஆனபிறகு, முழுதாக ஒரு வருஷம் கழித்துத்தான் அவர் ஆனார்.

படகை ஏரி ஓரத்திலேயே பத்து நாள் ஊறப் போட்டு, அவரே மீட்டார். மிதந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. முதல் சவாரிக்கு என்னைத்தான் கூப்பிட்டார். மூன்று நாளாக மனப்பாடம் செய்த வாக்கியத்தை நடு ஏரியில் ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு அந்தத் தண்ணிய எறைச்சது..."

"ஓரத்துல குந்தாதீங்க சார். நடுவுல வாங்க" என்றார், துடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நடுவில் போய் உட்கார்ந்தேன். அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பும் வரை, வேறு யார் துடுப்புப் போட்ட படகிலும் நான் ஏறியதில்லை.