சம்பந்திக்குக் கொடுத்த கண்ணாடி

குபாந்திக்கின் வலது தோள்பட்டை காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி சுமக்கிறவனுக்குத் தோள்வலி புதிதல்ல. ஆனால் ஒரே ஓட்டைக்கு இரண்டு தடவை சுமந்த வலி தனி ரகம்.

அந்த இரண்டாவது கண்ணாடியும் இப்போது ஜூராகானின் மீன்கடைத் தரையில் சில்லுச்சில்லாகக் கிடந்தது.

"ஆறு எம்.எம். கனம்!" என்றான். ஒரு சில்லைக் கையில் எடுத்து, "குதிரை சாஞ்சாக்கூடத் தாங்குமே சம்பந்தியம்மா!" என்றான்.

"உலான் காத்து குதிரையவிடப் பெருசாச்சே," என்றாள் ஜூராகான், சில்லுகளைக் கூட்டியபடி. "விடுங்க சம்பந்தி. ஓட்டையாவே இருந்துட்டுப் போகட்டும்."

"கூச்சப்படாதீங்க."

"கூச்சமில்ல. நிஜமாத்தான்..."

"என் மருமக பொறந்த வீட்டுல ஓட்டையா? பாலிக்சி ஊரே சிரிக்கும்!"

ஜூராகான் பெருமூச்சு விட்டுத் துடைப்பத்தை மூலையில் சாய்த்தாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஆரம்பித்த வினை இது. புதிதாகக் கட்டிய கடையை முதன்முதல் பார்க்கிறவன் வெறுங்கையோடு பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். குபாந்திக் சுற்றுமுற்றும் பார்த்தான். சாலையைப் பார்த்த சுவரில் கண்ணாடி இல்லாமல் ஒரு பெரிய திறப்பு. பாவம், கையில் காசு தீர்ந்து அப்படியே விட்டுவிட்டாள் போல. தேநீர் ஊற்றுவதற்கு முன்பே, "இந்த ஜன்னலுக்குக் கண்ணாடி என் பொறுப்பு," என்று சொல்லிவிட்டான். ஜூராகான் வாயைத் திறந்தாள், மகளைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். சம்பந்தி தருவதை வேண்டாம் என்பதும், சம்பந்தமே வேண்டாம் என்பதும் அங்கே ஒன்றுதான்.

முதலில் நாலு எம்.எம். போட்டான். உடைந்தது. உலான் அடிக்கிற ஊரில் நாலு போட்டது தன் புத்தி என்று தலையில் அடித்துக்கொண்டான். பிறகு ஆறு. இதோ, அதுவும்.

வீட்டில் அவன் மனைவி சைராகுல் முடிவாகச் சொல்லிவிட்டாள். "ரெண்டு உடைஞ்சாச்சு. மூணாவதும் உடைஞ்சா பொண்ணு காதுல நிச்சயக் கம்மல் போட மாட்டேன். சகுனம் சரியில்ல."

"நம்ம கல்யாணத்தன்னிக்கு சமோவர் உடைஞ்சுது. என்னக் கட்டிக்கலையா நீ?"

"அதனாலதான் சொல்றேன்."

மகன் அதிலேத் ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். அவனும் ஜூராகானின் மகள் பெகிமாயும் ஒருவரை ஒருவர் விரும்புவது ஊருக்கே தெரியும். மகன் வாழ்வு ஒரு கண்ணாடியின் கனத்தில் தொங்கியது.

குபாந்திக் பிஷ்கெக் போய், இடித்த கடை ஒன்றின் முகப்பிலிருந்து பன்னிரண்டு எம்.எம். கண்ணாடி கொண்டுவந்தான். சூளையில் சுட்டு இறுக்கியது. ஆனால் திறப்பைவிட ஒரு சாண் பெரிசு. அந்தக் கண்ணாடியை வெட்ட முடியாது, வெட்டினால் பொடியாகிவிடும். ஆகவே சுவரை வெட்டினான்.

மண்கல் சுவர் கனம் தாங்காமல் இறங்கியது. இரும்புச் சட்டம் வைத்து முட்டுக் கொடுத்தான். சுவர் நின்றது, கதவு நிலை கோணிக்கொண்டது. கதவை மூடுவதற்காக அடியில் செதுக்கினான். கதவு மூடியது. கீழே ஒரு பூனை நுழையும் அளவு இடைவெளி. பூனைகள் நுழைந்தன.

"மீன் போச்சே!" என்று அலறினாள் ஜூராகான்.

"மீன் வரும், போகும் சம்பந்தியம்மா. கண்ணாடியப் பாருங்க!"

பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "இத... உடைக்கவே முடியாதா?"

"தோட்டாவே ரெண்டு தடவை யோசிக்கும்!"

அவள் மீன்பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் கால் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான் குபாந்திக். வெளியே ஒரு லாரி கண்ணாடியை ஒட்டி வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தான், உள்ளே எட்டிப் பார்த்தான், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

"பாத்தீங்களா? நின்னு வேடிக்கை பாக்கிறான்!"

அன்று இரவு உலான் ஊரையே பிய்த்து எறிந்தது. காலையில் குபாந்திக் சாப்பிடாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மனைவியோடு கடைக்கு வந்தான்.

கண்ணாடி நின்றது! நட்டநடுவில் மட்டும் கருப்பாக ஒரு தீற்றல். கைக்குட்டையால் துடைத்தான், போய்விட்டது.

"காத்து கல்லெடுத்து எறிஞ்சிருக்கு. அதுக்கும் அசையல பாரு!"

சைராகுலின் முகம் மலர்ந்தது. வெள்ளிக் கம்மலை எடுத்தாள். பெகிமாய் தலை குனிந்தாள். ஜூராகான் வலது கையைச் சால்வையில் தூளி கட்டித் தொங்கப் போட்டிருந்தாள்.

"கை என்னாச்சு சம்பந்தியம்மா?"

"மீன் மூட்டை தூக்கினேன்... சுளுக்கு."

ஒரு காதில் கம்மல் ஏறியது. மற்றது சைராகுலின் விரலில் இருந்தபோது, பக்கத்து டயர்க் கடை எர்மேக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். நல்ல காரியம் நடப்பதைப் பார்த்துத் தயங்கினான். ஆனாலும் கேட்டுவிட்டான்.

"தப்பா நினைக்காதீங்க ஜூராகான் அக்கா. வண்டிக்காரனுக்கு மீன் எடுத்துக் குடுக்கிற வழிய அடைச்சா நீங்களும்தான் என்ன செய்வீங்க! முதல் ரெண்டையும் நீங்க உடைச்சப்போ நான் வாயத் திறந்தேனா? ஆனா நேத்து ராத்திரி இந்தத் தடிக் கண்ணாடிமேல பட்டு உடைஞ்சது என் சம்மட்டிக் காம்பாச்சே... எனக்குக் காம்பு ஒண்ணு பாக்கி இருக்கு."