முந்நூறு வருஷத்து மாப்பிள்ளை

ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் வாசல் சுவரில் பிள்ளையார் வரைந்து, மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி எல்லாம் எழுதிவிடுவார்கள். ஊருக்கே அதுதான் பத்திரிகை. சுவரில் ஏறாத கல்யாணத்தைப் பெண் வீட்டார் கல்யாணமாகவே மதிப்பதில்லை.

கிர்தாரிலால் வியாஸும் மகன் தாமோதரின் கல்யாணத்தை நவம்பருக்கு எழுதிவைத்தார். இடையில் பெண்ணின் பெரியப்பா காலமாகிவிட, பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டார்கள். தேதியை மாற்ற ஒரு காலையில் சுண்ணாம்பு வாளியோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரோரம் புதுப் பலகை ஒன்று முளைத்திருந்தது. 'பழம்பெரும் சுவரோவியம். பதினெட்டாம் நூற்றாண்டு. தொடுவோர் தண்டிக்கப்படுவர்.'

பக்கத்தில் தொன்மைச் சுவர்கள் பாதுகாப்பு அலுவலர் பட்நாகர் நின்றுகொண்டிருந்தார்.

"சாகேப், இது போன மாசம் எழுதினது!"

"படிவத்துல நூற்றாண்டுன்னுதான் கட்டம் இருக்கு, வியாஸ்ஜி. மாசத்துக்குக் கட்டமே இல்ல. நான் என்ன பண்றது?"

"சுவத்துலயே இந்த வருஷம் போட்டிருக்கே!"

"அது பிற்காலத்துல யாரோ கிறுக்கினதுன்னு குறிப்பு எழுதிட்டேன்."

"தேதிய மாத்தலேன்னா எம்புள்ள கல்யாணம் நின்னுடும், சாகேப்!"

பட்நாகர் இரக்கமுள்ளவர். வழி சொன்னார். ஓவியத்தைத் திருத்த, அதில் பெயர் கண்டவர்களின் ஒப்புதல் வேண்டும். முந்நூறு வருஷத்துக்கு முந்தியவர்கள் உயிரோடிருக்க விதியில்லை. எனவே அவர்களின் இறப்புச் சான்றிதழோடு வாரிசு விண்ணப்பிக்கலாம்.

"மாப்பிள்ளை இதோ நிக்கிறானே!" என்று மகனை இழுத்து முன்னால் நிறுத்தினார் வியாஸ்.

அலுவலர் தாமோதரை மேலும் கீழும் பார்த்தார். "சாயல் இருக்கு. வாரிசா இவரே கையெழுத்துப் போடலாம்."

வியாஸ் அலைந்தார். செத்துப்போன தன் அப்பாவின் சான்றிதழுக்கு நகராட்சியில் இரண்டு வருஷம் நடந்தவர் அவர். எதிரே நின்ற மகனுக்கு அரை மணியில் கொடுத்துவிட்டார்கள்.

விண்ணப்பம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்க, பலகையைக் கண்ட சுற்றுலாக்காரர்கள் அரண்மனையை விட்டுவிட்டு இங்கே வந்து மொய்த்தார்கள். வேறு வழியில்லாமல் தாமோதர், மறைந்த தாமோதரின் வீரச் செயல்களை அவர்களுக்கு விளக்கினான். போரிலிருந்து குதிரை மட்டும் திரும்பி வந்த கட்டத்தில் அவனுக்கே கண் கலங்கியது. வியாஸ் தலைப்பாகை கட்டி, வாசலில் நாற்காலி போட்டு, காசு வாங்கிக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்தார். அதுவரை சிரித்த தெருக்காரர்கள் தங்கள் சுவர்களில் தேயிலைத் தண்ணீர் அடித்துப் பழசாக்கத் தொடங்கினார்கள்.

பிப்ரவரி முதல் வாரம் அனுமதி வந்தது. பட்நாகரே கொண்டுவந்து கொடுத்தார். பெண்ணின் அப்பா நந்தலாலும் பொக்ரானிலிருந்து ஓவியரோடு வந்து இறங்கினார். ஓவியர் தூரிகையை நனைத்தார்.

"ஏய்! கைய எடு!" வியாஸ் பாய்ந்தார். "முந்நூறு வருஷத்துப் பொருள்!"

"சம்பந்தி, அப்ப எம்பொண்ணு?"

"முந்நூறு வருஷம் காத்திருந்தவ, அட்சய திருதியை வரைக்கும் இருக்க மாட்டாளா? சீசன் முடியட்டும்."

"அப்பா, நான் ஒரு வார்த்தை..." என்றான் தாமோதர்.

"செத்தவனுக்கு என்னடா பேச்சு?"

நந்தலாலுக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று பட்நாகரிடம் போனார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"சாகேப், நீங்களே நியாயம் சொல்லுங்க. இதே கல்யாணத்த எங்க வீட்டுச் சுவத்துலயும்தான் எழுதியிருக்கோம். எங்களுக்கு மட்டும் ஏன் பலகை இல்ல?"