முத்திரைக்குப் போட்ட மாலை

நல்ல காரியத்தைக் கெடுக்க கெட்ட எண்ணம் தேவையில்லை. கொஞ்சம் பக்தியும் ஒரு முழம் நைலான் கயிறும் போதும்.

எண்பதுகளின் நடுவில், தீபாவளிக்கு முந்தைய வாரம், வெள்ளிக்கிழமை. (கிழமை விஷயத்தில் நான் தவறுவதில்லை. மற்றதில் எல்லாம் தாராளம்.) பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தேன். அங்கே டை கட்டிய ஒரே குமாஸ்தா நான்தான். அந்த டையைப் பார்த்துத்தான் எல்லாரும் என்னை நம்பியிருக்க வேண்டும்.

எங்கள் வாடிக்கையாளர் சரோஜா அக்கா, கிள்ளானில் முறுக்கு சுட்டு சிங்கப்பூர்க் கடை ஒன்றுக்கு அனுப்பிவந்தார். அந்த முறுக்குக்கு, இரு நாட்டு எல்லையான ஜொகூர் பாலம்தான் எமன். இந்தப் பக்கம் பெட்டிகளை இறக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பக்கமும் இறக்கிப் பார்ப்பார்கள். முந்தைய தீபாவளிக்குப் போய்ச் சேர்ந்தது முறுக்கல்ல, மாவு. இன்னொரு முறை உடைந்து வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். அக்காவோ அந்த ஆர்டரை நம்பிப் புது அடுப்புகள் வாங்கிப் போட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இரு நாட்டுச் சுங்க அதிகாரிகளும் ஒரு சோதனை ஓட்டத்துக்கு இணங்கினார்கள். சரக்கைக் கிள்ளானிலேயே இரு தரப்பும் ஒன்றாகப் பார்த்து, லோரிக் கதவைப் பூட்டி, கம்பி கோத்து ஈய முத்திரை வைத்துவிடுவது. முத்திரை அறுபடாமல் வந்தால் பாலத்தில் யாரும் கதவைத் தொடமாட்டார்கள். அறுந்திருந்தால் பழையபடி எல்லாப் பெட்டியும் கீழே.

எங்கள் நாட்டுத் தரப்பில் என்சிக் (மலாயில் 'ஐயா') ரஹ்மான். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழில் என்னைவிடச் சரளம். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் சந்திரன். சிரிப்பதற்கு முன்பு யோசிப்பவர். யார் முத்திரையை யார் நம்புவது என்று இருவரும் காலையெல்லாம் மிக மரியாதையாக வாதாடினார்கள். ஒருவழியாக ரஹ்மானின் முத்திரை கதவில் ஏறியது. பூட்டின் சாவி சந்திரனின் சட்டைப்பைக்குள் போனது. சற்று நேரத்தில் காரில் பின்தொடர்வதாகச் சொன்னார்கள்.

"நேரா பாலந்தான். எங்கயும் நிக்காதீங்க லா" என்றார் ரஹ்மான்.

நான் நிறுத்தினேன். புது முயற்சி, ராகு காலம் நெருங்குகிறது, கோயிலோ வழியிலேயே இருக்கிறது. கூட வந்த அக்காவும் தடுக்கவில்லை.

சாமந்தி மாலையோடு நான் லோரியின் பின்பக்கம் போனதைப் பார்த்த டிரைவர் மணியம், "அண்ணே, மால முன்னாடிதானே போடுவாங்க?" என்றார்.

"இன்னிக்கு சாமி காப்பாத்த வேண்டியது முத்திரையதான்" என்றேன். வாழைநாரை நம்பாமல், மாலையை நைலான் கயிற்றால் முத்திரைக் கம்பியிலேயே இறுக்கிக் கட்டினேன்.

உள்ளே போய்க் கற்பூரம் காட்டித் திரும்பினால், ஒரு மாடு சாமந்தியைப் பிரசாதம்போல் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஏய்ய்!" என்று கத்தினார் மணியம். மிரண்ட மாடு தலையை வெட்டி இழுத்தது. நைலான் அறுபடவில்லை. (நல்ல கயிறு.) முத்திரைதான் அறுந்தது.

அக்கா கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, அந்த மாட்டுக்கு டை கட்டி விட்டிருந்தாக்கூட உன்னவிட ஒழுங்கா வேல பாத்திருக்கும்."

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. மாட்டின் வாயிலிருந்து ஈய முத்திரை ஊசலாடியது. சந்திரன் மாட்டைக் காட்டினார்.

"இவரும் உங்க டிப்பார்ட்மெண்டா?"

"இன்னிக்குத்தான் சேந்தாரு" என்றார் ரஹ்மான். "சம்பளம் கெடயாது. சாப்பாடு மட்டுந்தான்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"சார், எறக்கிப் பாத்தீங்கன்னா இங்கயே தூளாயிடும்" என்றார் அக்கா.

சந்திரன் கதவருகே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "பூட்டு அப்படியே இருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு. கதவு திறக்கல. புது முத்திரை வைங்க."

"காலையில எங்க முத்திரைய நம்பமாட்டேன்னீங்களே?" என்றார் ரஹ்மான்.

"முத்திரை கெடக்கட்டும், உங்கள நம்புறேன்."

காரிலிருந்த வேறொரு முத்திரையை ரஹ்மான் வைத்தார். கோயில் அலுவலகத் தொலைபேசியில் பாலத்தின் இரு முனைகளுக்கும் இருவரும் மாறி மாறிப் பேசி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். ('மாடு' என்ற இடத்தில் மட்டும் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.) சரியான ராகு காலத்தில் லோரி கிளம்பியது. பாலத்தில் யாரும் கதவைத் தொடவில்லை. இரவு கடைக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார்: "ஒண்ணுகூட ஒடையல."

காலையெல்லாம் பேசியும் ஒத்துப்போகாத இருவரை ஒரு மாடு சேர்த்துவைத்தது என்று எழுத ஆசைதான். உண்மையில், ஒரு முட்டாளையும் ஒரு குடும்பத்தின் பிழைப்பையும் காப்பாற்ற, அவர்கள் தங்கள் பெயரைப் பணயம் வைத்தார்கள். இன்றும் தீபாவளிக்கு முதல் டின் ரஹ்மான் வீட்டுக்கு, இரண்டாவது சந்திரன் வீட்டுக்கு. நானே கொண்டுபோகிறேன், மாலை இல்லாமல்.

அக்காவின் வியாபாரம் வளர்ந்து, டின்னுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, 'பசு மார்க் முறுக்கு' என்று வைத்தார். என் பிள்ளைகள் அதை 'அப்பா டின்' என்றுதான் சொல்வார்கள். காரணம் உண்டு. படத்தில் இருக்கும் பசு டை கட்டியிருக்கிறது.