மாட்சாவும் மத்தியானத் தூக்கமும்

இனிமேல் உடம்பைக் கவனித்துக்கொள்ளப் போவதாக ரொட்டிக்காரர் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அறிவித்தார். கேட்டது ஒரே ஒருவர், அவருடைய மனைவி. அந்த அம்மாள் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்ததால் உடனே மறுத்துப் பேச வழியில்லை. நேரம் பார்த்துத்தான் பேச்சை எடுத்திருந்தார் அவர்.

உடம்பு என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. அவருக்கு வேண்டியிருந்தது தூக்கம். அதுவும் மத்தியானத் தூக்கம்.

ஊர் விழிக்குமுன் எழுந்து பேக்கரிக்குப் போய், மாவோடு மல்லுக்கட்டி, அடுப்பின் வாய்க்கு முகத்தைக் கொடுத்து, பாதி வெந்தவராக ஒரு மணிக்கு வீடு திரும்புகிற மனிதர். திரும்பினால் சாய்வதற்கு ஓர் இடம்தான் உண்டு: கூடத்து ஜன்னலோரம் கிடக்கும் நீளச் சோபா. படுக்கையறைக் கட்டில் பகலில் அவருடையது அல்ல, வெட்டிப் போட்ட துணிகளுடையது. மனைவி வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். தைத்து முடித்த ஒவ்வொரு திரையையும், மடிப்பு ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க ஒரு நாள் அந்தக் கூடத்து ஜன்னலில் தொங்கவிடுவார். அதனால் சோபாவில் விழும் வெயிலுக்குத் தினம் ஒரு நிறம். ரொட்டிக்காரரின் கனவுகளுக்கும் அப்படித்தான். நீலத் திரை என்றால் அலையே இல்லாத ஒரு கடலில் மல்லாந்து மிதப்பார். மஞ்சள் என்றால் முழங்கால் உயரக் கதிர்களுக்கு நடுவே யாரோ அவரை மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போக வேண்டிய அவசியம் இருக்காது. ஒருமுறை ஊதாத் திரை தொங்கியது. அன்று கனவில் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். எழுந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. விழித்திருந்த ஐம்பது வருஷத்தில் அவருக்கு இப்படி ஒன்று வாய்த்ததே இல்லை.

மூன்று மாதம் முன்பு இதற்குத் தடை வந்தது. தடைக்குக் காரணம் நியாயமானது, அதுதான் கஷ்டம். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கியவருக்கு ராத்திரி தூக்கம் வராது. வராவிட்டால் சும்மா கிடக்கவும் மாட்டார். பக்கத்தில் திரும்பி, தூங்கிட்டியா என்பார். தூங்கிட்டேன் என்று பதில் வரும். பத்து நிமிஷம் பொறுத்து, இப்ப என்பார். பதினெட்டு வருஷம் இப்படி எழுப்பப்பட்ட அம்மாள் ஒரு நாள் காலையில், இனிமேல் இந்த வீட்டில் மத்தியானத் தூக்கம் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து ரொட்டிக்காரர் அந்தச் சோபாவில் வராத வண்டிக்குக் காத்திருப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சொருகும்போதெல்லாம் தையல் மிஷின் கடகடவென்று அதட்டியது.

அந்த நிலையில்தான் டப்பா வந்தது. பேக்கரி முதலாளி மாட்சாப் பொடி என்று ஒன்றை வாங்கிப் போட்டுப் பச்சை நிறத்தில் கேக் செய்து பார்த்தார். கேக் பாசி பிடித்த செங்கல் போல வந்தது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள், வாங்கவில்லை. மிஞ்சிய பொடியை முதலாளி ரொட்டிக்காரர் கையில் திணித்தார். ஏதோ இலையை நிழலில் வளர்த்து மாவாக அரைத்ததாம், இஞ்சி போட்டுக் குடித்தால் உடம்புக்கு நல்லதாம், மனசு அமைதியாகுமாம். அமைதி என்ற சொல்லுக்குப் பிறகு முதலாளி சொன்னது எதுவும் ரொட்டிக்காரர் காதில் ஏறவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் திட்டம் வெந்து, பொன்னிறமாகத் தயாராகிவிட்டது.

மனைவி குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவிட்டு டப்பாவை வாங்கினார். ஜன்னல் பக்கம் போய், முன்னும் பின்னும் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்து வரைக்கும் படித்தார். ரொட்டிக்காரருக்கு அந்த எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைப் பேக்கரியில் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தார்.

"நல்லதுதான். குடிங்க," என்றார் மனைவி.

சண்டைக்கென்று கோத்து வைத்திருந்த நாலு பதில்களும் வீணாயின. இருந்தாலும் முக்கியமான சங்கதி இனிமேல்தான். இதற்கு ஒரு பத்தியம் உண்டு என்று அவர் தொண்டையைச் செருமினார். குடித்ததும் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

"அது எதுக்கு?"

"உள்ளே ஊறணுமே. மாவைப் பிசைஞ்சதும் நேரா அடுப்புல வைக்கிறோமா? மூடி வச்சு, ஒரு மணி நேரம் யாரும் தொடாம விட்டாத்தான் உப்பும். அதே கணக்குதான்."

"அப்ப நீங்க உப்பப் போறீங்க."

"சத்து உப்பும்."

"தூங்குவீங்களா?"

"சேச்சே. கண்ணை மட்டும் மூடியிருப்பேன். உள்ளே முழிச்சிருப்பேன்."

அதோடு விடாமல், மாவு ஊறுகிற இடத்தில் கதவைக்கூட அறைந்து சாத்த மாட்டோம், எனவே அந்த ஒரு மணி நேரம் தையல் மிஷினும் ஓடக் கூடாது என்று சேர்த்துக்கொண்டார். மனைவி மிஷினைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சரி என்றார். கல்யாணமான நாளாக ஒரே மத்தியானத்தில் தன் பேச்சுக்கு இரண்டு சம்மதம் கிடைத்து அவர் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவருக்குச் சந்தோஷம் கண்ணை மறைத்தது.

பானத்தை ஆசை ஆசையாகச் செய்தார். இஞ்சியைத் தோல் சீவி, துருவி, தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தார். கொதி அடங்கக் காத்திருந்தார். முழுச் சூட்டில் போட்டால் பொடி கசக்கும் என்று முதலாளி சொல்லியிருந்தார். பொடியில் கட்டி இருந்தது. மாவுக்காரருக்குக் கட்டியைக் கண்டால் பொறுக்குமா? வடிகட்டியில் போட்டுச் சலித்தார். சாய்வெயிலில் பச்சைத் தூள் எழும்பி, கீழே இறங்க மனமில்லாமல் சற்று நேரம் அந்தரத்திலேயே நின்றது. முட்டை அடிக்கிற கம்பியால் மணிக்கட்டை மட்டும் ஆட்டி அடித்தார். நுரை வந்தது. மழையில் நனைந்த புல்லை யாரோ இஞ்சியோடு சேர்த்துக் கசக்கிக் கொடுத்தது போல ஒரு ருசி. மனைவிக்கும் ஒரு வாய் நீட்டினார். நீங்களே குடிங்க, உங்களுக்குத்தான் தேவை என்று அந்த அம்மாள் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார்.

அவர் படுத்துக் கண்ணை மூடியதும் கழுத்திலிருந்து கால் வரை சில்லென்று ஏதோ விழுந்தது.

"என்ன இது?"

"ஈரத்துணி. மாவு காய்ஞ்சு போகாம இருக்க நீங்க போடுவீங்களே."

மறுக்க முடியவில்லை. சித்தாந்தம் அவருடையது.

அன்று தொங்கியது இளநீலத் திரை. ரொட்டிக்காரர் தம் கடலின் கரையில் போய் நின்றார். கடல் உள்ளே விடவில்லை. கண் தானாகத் திறந்தது. மூடினார். திறந்தது. திரையின் வளையங்களை எண்ணினார், பதினாலு. திருப்பி எண்ணினார், அப்போதும் பதினாலு. நெஞ்சுக்குள் ஒரு குருவி அங்குமிங்கும் நடந்தது. மிஷின் நின்ற வீட்டில் அப்படி ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஒரு மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பினார். மனைவி நாற்காலியில் பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார்.

பகலில் அவர் தூங்கி இவர் பார்த்ததே இல்லை. முடியில் இரண்டு மூன்று நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. முகத்தில் நீல வெளிச்சம் அசைந்தது. தம்முடைய கடலில் வேறு யாரோ மிதப்பதைக் கரையிலிருந்து பார்ப்பது போல ரொட்டிக்காரர் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பிரியமாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. துணி வேறு சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அதே கதை. பொடி போதவில்லை போலும் என்று அரைக் கரண்டியை ஒன்றாக்கினார். ஒன்றை இரண்டாக்கினார். ஏற்ற ஏற்ற அமைதி வருவதற்குப் பதில் பார்வைதான் கூர்மையாகிக்கொண்டே போனது. எதிர் மாடியில் காயும் சட்டைகளில் எதற்குப் பொத்தான் இல்லை என்று படுத்தபடியே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். மனைவியோ நாளுக்கு நாள் பூரித்தார். தினமும் சரியாக ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, சோம்பல் முறித்து, தூங்கினீங்களா என்று கேட்பார். இல்லை என்று இவர் உண்மையைச் சொல்வார். சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று பாராட்டிவிட்டு மிஷினில் உட்காருவார்.

ஏழாம் நாள் பேக்கரியில் கேக் மாஸ்டரிடம் வாயைக் கொடுத்தார்.

"மாட்சாவா? அது டீ இலைதானே அண்ணே," என்றார் கேக் மாஸ்டர். "என் பொண்ணு பரீட்சைக்குப் படிக்கிறப்ப வாங்கித் தருவேன். ஒரு கப் உள்ளே போச்சுன்னா அஞ்சு மணி நேரம் கொட்டக் கொட்ட முழிச்சிருப்பா. டப்பாவிலேயே போட்டிருக்குமே, தூக்கம் வராதவங்க குடிக்காதீங்கன்னு."

டப்பாவில் போட்டிருக்கிறது. அதை அடி வரைக்கும் படித்த ஓர் ஆளும் வீட்டில் இருக்கிறார். ரொட்டிக்காரர் மாவுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கேட்கவும் முடியாது. கேட்டால், நீங்க தூங்கறதுக்கா குடிச்சீங்க என்று ஒரு கேள்வி திரும்பி வரும்.

ஆனால் கைவசம் இன்னொரு வழி இருந்தது. அன்று மத்தியானம் மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பிடி கீரையை மிக்ஸியில் அடித்து, வடித்து, இஞ்சித் தண்ணீரில் கலந்தார். நிறம் கச்சிதம். ருசி சகிக்கவில்லை. மனைவி வந்ததும் அவர் கண்ணெதிரிலேயே மடக் மடக்கென்று குடித்து, உதட்டில் பச்சை மீசையோடு போய்ப் படுத்தார். ஈரத்துணி விழுந்தது. விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

ரோஜா நிறத் திரை. அந்த நிறத்தில் அவர் இதுவரை தூங்கியதில்லை. ஒரு வீதி முழுக்கச் சுவர்கள் இல்லாமல் திரைகளே தொங்கின. அவர் ஒன்றை விலக்கினால் அடுத்தது. அதை விலக்கினால் அடுத்தது. எதற்குப் பின்னாலும் வேலை இல்லை, மணி இல்லை, அடுப்பு இல்லை. எங்கேயோ ஒரு தெரிந்த குரல் ஏதோ கேட்டது. என்ன கேட்டால் என்ன, அந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம்தான்.

கண்ணைத் திறந்தபோது மனைவி எதிரே நாற்காலியில், முழு விழிப்போடு, ஒரு திரையை மடித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டீங்களா?"

"சேச்சே."

"குறட்டை வந்துச்சு."

"அது மூச்சு. ஆழமா இழுத்து விடுறது."

"அப்ப முழிச்சுத்தான் இருந்தீங்க."

"முழுசா."

"நல்லவேளை," என்று மனைவி பெருமூச்சு விட்டார். "நடுவுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க ம்ம்னீங்க. தூக்கத்துல சொல்றீங்களோன்னு எனக்கு ஒரு பயம்."

ரொட்டிக்காரர் துணிக்கு அடியில் அசையாமல் கிடந்தார். "என்ன கேட்ட?"

"என் தம்பி புது வீட்டுக்குப் போய் உட்கார ஒரு நாற்காலி இல்லாம தரையில கெடக்கிறான். இந்தச் சோபாவைக் கொடுத்துடலாமான்னு கேட்டேன். ம்ம்னீங்க. இன்னிக்கேவான்னு கேட்டேன். அதுக்கும் ம்ம்னீங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. உடனே அவனுக்குப் போன் பண்ணிட்டேன்."

அவர் அவசரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தூங்கினேன் என்று ஒப்புக்கொண்டால் சோபா மிஞ்சும், தூக்கம் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் சோபா போகும். சோபா போனால் தூக்கமும் போகும். வேறு ஏதாவது வழி உண்டா என்று யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"மிக்ஸியில கீரை ஒட்டியிருந்துச்சு," என்றார் மனைவி, மடிப்பைக் கையால் நீவிவிட்டபடி. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "கழுவி வச்சுட்டேன்."

ரொட்டிக்காரர் எழுந்து ஈரத்துணியைப் பிழியப் போனார்.

ஆறு மணிக்கு மச்சினன் வண்டியோடு வந்தான். அக்கா, மாமாவுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று படியேறும்போதே நெகிழ்ந்தான். தனியாகத் தூக்க முடியாததால், மாமா அந்தப் பக்கம் பிடிங்க என்றான். ரொட்டிக்காரர் அந்தப் பக்கம் பிடித்தார். கதவில் இடித்து, திருப்பி, சாய்த்து, இரண்டு பேரும் படி படியாக இறக்கினார்கள். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியபின் மச்சினன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே மாமா. மத்தியானம் ஒரு தூக்கம் போட்டீங்களா?"

ரொட்டிக்காரர் மாடியைப் பார்த்தார். ரோஜா நிறத் திரையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு மனைவி நின்றிருந்தார்.

"இல்லைப்பா," என்றார். "நான் பகல்ல தூங்குறதே இல்லை."